பப்புவாக்காரி சொன்ன வரி

எனக்கு எழுபத்தெட்டு வயதாகிறது. பெற்றது ஆறு, வளர்த்தது எட்டு. தங்கை போனபிறகு அவள் பிள்ளைகள் இரண்டும் என் சோற்றில்தான் வளர்ந்தன. எட்டில் ஒன்றுகூட என் வேலைக்கு வரவில்லை. அதனால் இதை வீட்டுப் பிள்ளைகளுக்காகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வார்டுகளில் நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவே மொழி சொல்லப் புதிதாக வந்திருக்கிறீர்களே, உங்களுக்காகச் சொல்கிறேன்.

எனக்கு எழுத்து கொஞ்சம்தான். கடைப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், என் பெயரைப் போடுவேன், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்லப் பேத்தி வள்ளி எழுதுகிறாள். ஆனால் காது என்று வந்தால் ரங்கூனில் அந்த நாளில் எனக்குச் சமமாக ஒருத்தியும் இருந்ததில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. தமிழ், தெலுங்கு, பர்மியம், இந்துஸ்தானி நாலும் பேசுவேன். வங்காளமும் சீனமும் பேச வராது, ஆனால் யார் என்ன கேட்கிறார்கள் என்று புரிந்துவிடும். இதெல்லாம் நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில். க்யிம்யிண்டைங் படகுத்துறைப் பக்கம், நாங்கள் ஜெட்டி என்போம், ஆற்றோரமாக இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு ஆயாவாக இருந்தேன். ஆயா வேலைக்குத்தான் சம்பளம். மொழி சொல்வது அதோடு சேர்ந்த வேலை.

பர்மியத்தில் எங்களைச் சகாபியான் என்பார்கள். பேச்சைத் திருப்பித் தருகிறவள் என்று பொருள். திருப்பித் தருவது எப்படி என்று எனக்குக் காட்டியவள் ஒரு தெலுங்கு அம்மா. வார்டில் எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவள். நான் வந்த புதிதில் ஒரு தமிழ்க் கூலிக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வயித்துக்குள்ள பாம்பு சுத்துதும்மா" என்றாள். நான் டாக்டரிடம் "வயிற்றுவலி" என்றேன். தெலுங்கு அம்மா என் தோளில் ஒரு குத்து விட்டாள்.

"பாம்பை எங்கடி விட்டே? முதல்ல அவ சொன்னதை அவகிட்டயே சொல்லு. அவ மூஞ்சியப் பாரு. அப்புறம் டாக்டர்கிட்டப் போ."

நான் கூலிக்காரியிடம் திரும்பி, "வயித்துக்குள்ள பாம்பு சுத்துதா?" என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "ஆமாம்மா, தொப்புள்கிட்டச் சுத்தி, இப்ப வலப்பக்கம் வந்து கடிக்குது" என்றாள். அந்த வலப்பக்கம் என்ற சொல்லில்தான் அவள் பிழைத்தாள். அன்றைக்கே வயிற்றைத் திறந்தார்கள்.

அதிலிருந்து அதுவே என் பழக்கம். நோயாளி வாயைத் திறந்ததும் அவள் சொன்னதை அவள் குரலிலேயே, அவள் இழுக்கிற இழுப்போடு முதலில் அவளிடமே திருப்பிச் சொல்வேன். நம் பேச்சு ஒருத்தி காதில் விழுந்துவிட்டது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். இந்தப் பழக்கத்தை உங்களுக்கும் சொல்லித் தந்திருப்பார்கள். நல்ல பழக்கம்தான். அது ஒரே ஒரு தடவை என்ன செய்தது என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒருநாள் காலையில் ஜெட்டிப் போலீஸ்காரர்கள் ஒரு பெண்ணைத் தட்டுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். கிழக்கேயிருந்து வந்த கப்பல் ஒன்றின் சமையல்காரன் அவளைப் பெண்டாட்டி என்று சொல்லிக் கூட்டி வந்திருக்கிறான். காலில் புண் வைத்து நாற ஆரம்பித்ததும் ஜெட்டியில் உட்காரவைத்துவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டான். இவள் யார் என்று போலீஸ்காரன் கேட்டதற்கு "பப்புவா" என்று ஒரு சொல் சொன்னானாம். அதையே பெயர் என்று நினைத்துப் படுக்கைச் சீட்டில் பப்புவா என்று எழுதிவிட்டார்கள். அது ஊரின் பெயர், ஜாவாவுக்கும் கிழக்கே கடலில் கிடக்கிற பெரிய தீவு என்று ஆஸ்பத்திரி கிளார்க் பிறகு உலகப் படத்தில் பார்த்துச் சொன்னார். சீட்டை யாரும் மாற்றவில்லை.

நல்ல கறுப்பு, சுருட்டை முடி. எங்கள் வார்டு பர்மிய நர்ஸ் மா தின் அவளைப் பார்த்ததுமே, அக்கா என்பதுபோல அவர்கள் வழக்கப்படி மா போட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"மா சொர்ணம், உங்க ஆளு வந்திருக்கு. போய்ப் பேசுங்க."

"என் ஆளா? முடியப் பாருடி. எங்க சனத்துல எவளுக்கு இப்படிச் சுருளும்?"

"கறுப்பா இருந்தா உங்க ஆளுதானே?"

"அப்ப உன் சட்டியும் என் ஆளுதான். போய் அதுகிட்டப் பேசிக்கோ."

வார்டே சிரித்தது. அந்தப் பெண்ணும் ஒன்றும் புரியாமல் சிரித்தாள். முன்பல் ஒன்று உடைந்திருந்தது. இருபது, இருபத்திரண்டு வயதிருக்கலாம்.

தமிழில் கேட்டேன், தெலுங்கில் கேட்டேன், எனக்குத் தெரிந்த எல்லாவற்றிலும் கேட்டேன். மலாய் தெரிந்த சீனத்தி ஒருத்தி பக்கத்துக் கட்டிலில் இருந்தாள், அவளும் கேட்டுப் பார்த்தாள். ஒன்றும் ஏறவில்லை. அந்தச் சமையல்காரனோடு அவள் எந்தப் பேச்சில் குடும்பம் நடத்தினாளோ தெரியாது. பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். நான் அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். என் வாழ்நாளில் கேட்காத சத்தம் அது.

அந்தச் சத்தத்தை உங்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவள் பேச்சில் சீறுகிற எழுத்தே இல்லை. ச கிடையாது, ஸ கிடையாது. நாங்கள் "சிஸ்டர்" என்றால் அவள் வாயில் அது "திதிதா" என்றுதான் வரும். எந்தச் சொல்லும் மெய்யில் அடைத்து நிற்காது, முடிகிறபோது வாய் திறந்தே இருக்கும். ரவும் லவும் அவளுக்கு ஒன்றுதான். நாக்கு மேலே ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஓடும், நீங்கள் ர என்றால் ர, ல என்றால் ல. நாம் அம்பு என்கிறோமே, அதில் நடுவே மூக்கும் உதடுமாக ஒரு சத்தம் வருகிறதல்லவா? அவளுக்கு அது சொல்லின் தலையிலேயே வரும். வாயைத் திறக்கும் முன்பே மூக்கு முனகத் தொடங்கிவிடும். இன்னொரு சத்தம் இருந்தது. உதடும் தொண்டையும் ஒன்றாக மூடி ஒன்றாகத் திறக்க வேண்டும், சோடாப் புட்டியின் தக்கையைப் பிடுங்கினாற்போல. அது எனக்கு லேசில் வரவில்லை. பாத்திரம் கழுவும்போதும் தலை வாரும்போதும் சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர், "விக்கலா? தண்ணி குடி" என்பார்.

இதெல்லாம் போக ஏற்ற இறக்கம் வேறு. பர்மியப் பேச்சில் குரல் ஏறினால் ஒரு சொல், இறங்கினால் வேறு சொல் என்று நமக்குத் தெரியும். அவளிடமும் அது இருந்தது. ஏற்றித் தொடங்கிக் கடைசியில் விழ விடுவாள். நான் விழாமல் சொன்னால் தலையை ஆட்டி மறுபடி சொல்லிக் காட்டுவாள். சரியாகச் சொன்னால் கையைத் தட்டுவாள்.

புண்ணைக் கழுவுகிற நேரம் முழுதும் எங்களுக்கு இதே விளையாட்டு. அவள் சொல்வாள், நான் திருப்பிச் சொல்வேன். அவளும் என்னைப் போலவே செய்து காட்டினாள். கட்டிலுக்குக் கட்டில் ஓடும்போது "இதோ வர்றேன்" என்று நான் சொல்லிக்கொண்டே போவேன். அதைப் பிடித்துக்கொண்டாள். "இதோவரே" என்று ஏற்றி இறக்கி என்னைக் கூப்பிடுவாள். அதுதான் என் பெயர் என்று நினைத்திருப்பாள். சீட்டில் ஊர்ப்பெயர் அவளுக்குப் பெயரானது போல, அவள் வாயில் எனக்கு அது பெயரானது.

மா தின் கேலி செய்வாள். "ரெண்டு பேரும் நாள் முழுக்க என்னத்தைத்தான் பேசுறீங்க?"

"உன்னைப் பத்தித்தான்" என்பேன்.

இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் ஒன்றும் பேசவில்லை. தண்ணீருக்கு அவள் சொல்லும் சொல் எனக்குத் தெரியும், குவளையைக் காட்டிக் கேட்டதால். நெஞ்சில் தட்டி ஒரு சொல் சொல்வாள். அது அவள் பெயரா, நான் என்பதா, இங்கே வலிக்கிறது என்பதா, கடைசிவரை தெரியவில்லை. சத்தம் மட்டும் ஒன்றுவிடாமல் என் வாய்க்கு வந்துவிட்டது. பேச்சு வந்துவிட்டது என்று அவள் நினைத்தாள். வார்டும் அப்படித்தான் நினைத்தது. அப்படி நினைப்பது எனக்கும் பிடித்திருந்தது. கூலிக்காரிகள் தங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஆயா, அந்தப் பேச்சுப் பேசுங்க" என்று கேட்பார்கள். பேசுவேன்.

கால் ஆறவில்லை. ஒருநாள் காலையில் கட்டைப் பிரித்தபோது பாதம் கறுத்து, கறுப்பு கணுக்காலைத் தாண்டியிருந்தது. டாக்டர் வந்தார். வங்காளி, பாபு என்றுதான் கூப்பிடுவோம். நல்ல கைக்காரர், கோபக்காரர். முகர்ந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"முழங்காலுக்குக் கீழே எடுத்துடணும். இன்னிக்கே. சொர்ணம், கேளு."

கேட்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அதற்குமுன் ஒரு கூலிக்காரன் கையை அவன் சம்மதமில்லாமல் எடுத்துவிட்டார்கள் என்று மேஸ்திரியும் ஆட்களும் வாசலை மறித்து உட்கார்ந்திருந்தார்கள். அதிலிருந்து நோயாளியோ சொந்தக்காரரோ வாயால் சம்மதம் சொன்னால்தான் கத்தி எடுக்கலாம். இவளுக்கு இங்கே சொந்தம் யார்?

நான் அவள் காலைத் தொட்டேன். முழங்காலுக்குக் கீழே என் கையை வைத்து அறுப்பது போல இழுத்துக் காட்டினேன். பாதத்தைத் தூக்கி எறிவது போலக் காட்டினேன். பிறகு அவளைச் சுட்டி, கண்ணை மூடித் திறந்து, எழுந்து நடப்பது போலக் காட்டினேன். அவள் என் கைகளையே பார்த்தாள். பயந்தாளா என்றால் சொல்லத் தெரியவில்லை. அப்புறம் நிதானமாக ஒரு வரி சொன்னாள். நீளமான வரி.

———

இந்த இடத்தில் வள்ளி, "என்ன வரி, சொல்லுங்க எழுதுறேன்" என்று கேட்கிறாள். கோடு மட்டும் போடச் சொல்லியிருக்கிறேன்.

அவள் சொல்லி முடித்தாள், என் வாய் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டது. நான் யோசிக்கவில்லை. அத்தனை வருடப் பழக்கம் அது. மூக்கு முனகலும், தக்கை பிடுங்குகிற சத்தமும், கடைசியில் குரல் விழுகிற இடமும் ஒன்று பிசகவில்லை. அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர். அதே வரியை மறுபடி சொன்னாள். பிறகு படுத்துவிட்டாள், வேலை முடிந்துவிட்டது போல.

டாக்டர் கேட்டார். "என்ன சொல்றா? சம்மதமா?"

வார்டு முழுவதும் என்னைப் பார்த்தது.

"தெரியலைங்க பாபு."

"தெரியலையா? இப்பத்தானே அவ பாஷையில பேசினே?"

"பேசல பாபு. திருப்பிச் சொன்னேன். சத்தம் வரும், அர்த்தம் வராது."

"இத்தனை நாள் சிரிச்சுச் சிரிச்சுப் பேசினது?"

"அதுவும் சத்தம்தான்."

மா தின் மெதுவாக, "மா சொர்ணம், பயப்படாதீங்க, அவ சொன்னதைச் சொல்லுங்க. பழி உங்க மேல வராது" என்றாள். நான் பயத்தில் மறைக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். டாக்டர் வேறு மாதிரி நினைத்தார். இவளுக்கு ஏதோ கைக்கூலி வேண்டும்போல என்று இங்கிலீஷில் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று அவர் எண்ணம். திட்டு எந்த மொழியில் வந்தாலும் எனக்குப் புரியும்.

"கிளி பேசுது பாபு. கிளிகிட்ட அர்த்தம் கேப்பாங்களா?" என்றேன். என்னை நானே கிளி என்று சொல்லிக்கொண்டது அன்றைக்குத்தான்.

சம்மதம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அடுத்த நாழிகையில் கால் போயிருக்கும். உயிர் நின்றிருக்கலாம். அவள் முகம் சம்மதம் போலத்தான் இருந்தது. ஆனால் என் கையை முழங்காலில் வைத்து அழுத்தினாளே, அது இங்கே வெட்டு என்பதா, இதைத் தொடாமல் நீ பார்த்துக்கொள் என்பதா? காலில்லாமல் பிழைப்பதைவிடச் சாவது மேல் என்று சொல்கிற ஊர்களும் உண்டு. அவள் ஊர் எப்படியோ. இல்லாத சொல்லை அவள் வாயில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. இதில் நான் தவறு செய்தேன் என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். சரி செய்தேன் என்றும் சொல்ல முடியவில்லை.

டாக்டர் ஜெட்டிக்கு ஆள் விட்டார். கப்பல்காரர்கள் தங்குகிற விடுதிகளில் தேடி, அந்தத் தீவுக் கரைக்குப் போய்வந்த ஒரு மலாய்க் கிழவரைப் பிடித்துக் கொண்டுவருவதற்குள் மறுநாள் ஆகிவிட்டது. அதற்குள் கறுப்பு தொடைக்கு வந்திருந்தது. உடம்பு கொதித்தது. ஆனால் நினைவு இருந்தது.

கிழவர் மலாயில் ஏதோ கேட்டார். அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். நான் அந்த வரியைக் கிழவரிடம் சொல்லிக் காட்டினேன். அவர் ஆடிப்போய்விட்டார்.

"ஏம்மா, கண்ணை மூடிக்கிட்டா அந்த ஊர்ப் பொம்பளையேதான்! நீ எப்ப அங்க போனே?" என்று பஜார் இந்துஸ்தானியில் கேட்டார்.

"நான் ஆத்துக்கு அக்கரையில இருக்கிற சிரியத்தைத் தாண்டினதில்லை. அர்த்தத்தைச் சொல்லுங்க ஐயா."

"அர்த்தமா?" அவர் தலையை ஆட்டினார். "அங்க ஆத்துக்கு ஒரு பாஷை, மலைக்கு ஒரு பாஷை. இந்த மலைக்காரன் பேசுறது எதிர்மலைக்காரனுக்கே விளங்காது. நான் கரையோரம் புகையிலை வித்தவன். வாங்க விக்க ரெண்டு மூணு சொல் தெரியும். அதுவும் இவ ஊர்ச் சொல் இல்லை."

என் வாழ்நாளில் என் காதுக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அந்தக் கிழவர் சொன்னதுதான். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

தெரிந்த சொற்களையும் அவர் சொல்லிப் பார்த்தார். அவள் எரிச்சலோடு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவளுக்கு நம் பேச்சு தெரியுமே, பிறகு எதற்கு ஊர் பேர் தெரியாத கிழவனை நடுவில் கொண்டுவந்து நிறுத்துகிறாள் என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள். நான் புரிந்துகொண்டும் செய்யாமல் இருக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். உலகத்திலேயே தன் பேச்சைப் பேசுகிற ஒரே ஆள் பக்கத்தில் இருந்தும் கை கொடுக்கவில்லை என்றால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? புரியாதவளாகவே நான் அவள் முன்னால் நின்றிருந்தால், கையைக் காட்டி, காலைக் காட்டி, மண்ணில் கோடு கீறியாவது தன் மனதைத் தெரிவித்திருப்பாள். புரிந்துவிட்டது என்று நம்பியதால் அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டாள்.

டாக்டர் வந்து பார்த்தார். இனிமேல் எடுத்தும் பயனில்லை என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். "இதோவரே" என்று கூப்பிட்டாள். போய் உட்கார்ந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அந்த வரியை மறுபடி சொன்னாள்.

———

சொல்லிவிட்டு என் வாயைப் பார்த்தாள். நான் திருப்பிச் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.

புதிதாக வந்திருக்கிற பெண்களே, இப்போது நீங்கள் சொல்லுங்கள். திருப்பிச் சொல்லியிருந்தால் அவள் முகம் முந்தினநாள் போல மலர்ந்திருக்கும். சாகிறவளுக்கு அதையாவது கொடுத்திருக்கலாம். ஆனால் நான் அவளை ஏமாற்றியதெல்லாம் அந்த வாயால்தான். அதே ஏமாற்றை மறுபடி செய்ய என்னால் முடியவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டேன். தெலுங்கு அம்மாவிடம் குத்து வாங்கிய நாளிலிருந்து ஒரு நோயாளி சொன்னதை நான் திருப்பிச் சொல்லாமல் விட்டது அந்த ஒரு தடவைதான்.

அவள் காத்திருந்தாள். பிறகு என் கையை விட்டாள். உதறவில்லை, மெதுவாகத்தான் எடுத்துக் கட்டிலில் வைத்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மா தின் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது மூச்சு இல்லை.

இடுகாட்டில் காவல்காரன், "எந்த மதம்? எரிக்கவா புதைக்கவா?" என்று கேட்டான். தெரியாது என்றேன். புதைத்தோம். கிளார்க் சொன்ன படத்து ஞாபகத்தில் தலையைக் கிழக்கே வைக்கச் சொன்னேன். அது அவள் வழக்கத்துக்குச் சரியா தவறா என்பதும் எனக்குத் தெரியாது.

அதன்பிறகு கிழக்கேயிருந்து கப்பல் வந்தால் ஜெட்டிக்குப் போவேன். அம்போன் தீவு ஆட்கள், ஜாவா ஆட்கள், இன்னும் அங்கேயிருந்து யார் வந்தாலும் நிறுத்தி அந்த வரியைச் சொல்லிக் காட்டுவேன். சிலர் சிரித்தார்கள். சிலர் பைத்தியம் என்று ஒதுங்கிப் போனார்கள். ஒருவன் காசு போட்டான். வருடக்கணக்கில் போனேன். பிறகு சண்டை வந்தது, குண்டு விழுந்தது, ஜெட்டியும் முன்போல இல்லை. ரங்கூன் ஓரத்தில் தின்கன்ஜூனுக்கு மகன் வீட்டோடு வந்துவிட்டேன்.

இப்போது என் வாயில் பல் இல்லை. போன வருடம் வரை அந்தத் தக்கைச் சத்தம் வந்துகொண்டிருந்தது, இப்போது காற்றுதான் வருகிறது. மூக்கு முனகல் இருக்கிறது. கடைசியில் குரல் எங்கே விழ வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தலையாட்டித் திருத்த ஆள் இல்லை. ஒருத்தி தன் உயிரைப் பற்றிச் சொன்ன சொல் அது. இத்தனை வருடம் என் வாயில் வைத்திருந்தேன், என் வாயிலேயே அது கெட்டுப்போய்க்கொண்டிருக்கிறது.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். புரியாத பேச்சை நோயாளியிடம் திருப்பிச் சொல்லாதீர்கள், உங்கள் வாய்க்கு அது எவ்வளவு அழகாக வந்தாலும் சரி. தெரியாது என்பதைக் கடைசி நாள்வரை தள்ளாமல் முதல்நாளே அவள் முன்னால் தெரியும்படிக் காட்டிவிடுங்கள். அப்படிச் செய்தால் அவள் பிழைத்துவிடுவாள் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பப்புவாக்காரியும் பிழைத்திருப்பாளோ என்னவோ. அந்த மத்தியானம் வாயை மூடிக்கொண்டதைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

போதும் வள்ளி. கை வலிக்குமே உனக்கு. முதல்லேர்ந்து ஒருதடவை படிச்சுக் காட்டு, நிதானமாப் படி. கோடு போட்ட இடம் ரெண்டு வரும் பாரு, அங்க நீயா எதையும் சேர்த்துப் படிக்காதே. கொஞ்ச நேரம் சும்மா இரு. அப்புறம் மேல போ.